முள் இறங்கும் வரை

சான் மத்தேயோ வளைவில்
அவளுக்காக மூன்று மணி நேரம் நின்றோம்.
என் கையில் நிறுவனத்தின் கோப்பு.
ஏழு தவணை பாக்கி.
சிவப்பு மையில் ஒரு வண்டி எண்.

முதலில் சத்தம் வந்தது,
பிறகு புகை,
அதற்கும் பிறகுதான் அந்த நீல முகப்பு:
லீமாவிலிருந்து சிமெண்ட் மூட்டைகளோடு
மலையைப் பல்லால் கடித்துக் கடித்து
ஏறி வந்தது.
தப்பித்து ஓடப் பார்ப்பாள் என்று
அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
கை காட்டினேன். ஓரங்கட்டினாள்.

பிரிமிதிவா யாவுரி
கண்ணாடியை இறக்கிக் கோப்பைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
"தெரியும்."

படியேறிச் சாவிக்குக் கை நீட்டினேன்.
என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
கொதிக்கும் பாலருகே வந்துவிட்ட
பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல.
"அஞ்சு நிமிஷம். டர்போ சூடா இருக்கு."

நான் கணக்குப் படித்தவன்.
வண்டி என்றால் எனக்கு
அசல், வட்டி, தேய்மானம்.
"இனி இது எங்கள் வண்டி அம்மா" என்றேன்.
"அதனாலென்ன,
இப்ப அணைச்சா எண்ணெய் நின்னுடும்,
சக்கரம் நிக்காது."

அவ்வளவுதான் சொன்னாள்.
மீதியைப் பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.
உள்ளங்கை அகலச் சக்கரமாம்,
நிமிடத்துக்கு லட்சம் சுற்றாம்,
அதன் தண்டு மிதப்பது
மயிரிழையிலும் மெல்லிய எண்ணெயின் மேலாம்.
திடீரென்று நிறுத்தினால்
அந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே கருகி
அடிப்பிடித்துப் போகுமாம்.

அறுநூறில் நின்றது முள்.

என்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருக்க
அவள் வீட்டைக் காலி செய்யத் தொடங்கினாள்.
போர்வை. தகரக் குவளை.
கோக்கா இலைப் பை.
பாதி தீர்ந்த பற்பசை.
ஒரு செருப்பு.
இன்னொன்றைத் தேடி இருக்கைக்கடியில் தலையை விட்டாள்,
என் காலை நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன்,
கிடைக்கவில்லை.

நானூற்றி ஐம்பது.

கண்ணாடியில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய
பச்சைத் தவளை.
நகத்தால் சுரண்டினாள்.
தலை வந்தது, உடல் வரவில்லை.
விட்டுவிட்டாள்.

கீழே மூட்டை இறக்க வந்தவர்கள்
என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள்.
நானும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
முள்ளைப் பார்க்கத் தொடங்கும் வரை.

"யார் ஓட்டுவது?"
சிகரெட் பிடித்தபடி நின்ற வில்மரைக் காட்டினேன்.
அவன் பூட்ஸைப் பார்த்தாள்,
நெடுநேரம்.
ஒன்றும் சொல்லவில்லை.

முன்னூறு.
இருநூறுக்குச் சற்று மேல்.
இருநூறு.

அணைத்தது அவள்தான்.
அதை மட்டும் எனக்கு விட்டுத்தரவில்லை.
அப்போதுதான் கேட்டது,
இவ்வளவு நேரமும் கீழே ஓடிக்கொண்டிருந்த
ரீமாக் ஆறு.

கட்டத்துக்கு வெளியே வழியும்படி
கையெழுத்துப் போட்டாள்.
ஒற்றைச் செருப்பைச் சாக்கில் திணித்துக்கொண்டு
எதிரே வந்த வேனை நிறுத்தி ஏறிப் போனாள்.

வில்மர் வெறும் வண்டியை விரட்டினான்,
கணவாய் தாண்டி, ஹுனின் சமவெளி தாண்டி,
செர்ரோ தெ பாஸ்கோவின் கடைசி ஏற்றத்தில்
பாதத்தை எடுக்கவே இல்லை.
என் கண் முள்ளின் மேலேயே இருந்தது.
ஐநூறு. அறுநூறு. அதற்கும் மேல்.

காவலாளி கதவைத் திறந்தான்.
சக்கரம் முழுதாய் நிற்கும் முன்பே
வில்மர் சாவியைத் திருப்பினான்.

வாயைத் திறந்தேன்.
வண்டி நிறுவனத்துடையது,
சாவி அவனுடையது,
ரசீது என்னுடையது.
மூடிக்கொண்டேன்.

மூடிக்குள் எங்கோ இரும்பு
டிக், டிக் என்றது, வெகுநேரம்.

விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது
பெடலுக்குப் பின்னால் அகப்பட்டது
இடது கால் செருப்பு.
படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.

'வண்டியின் நிலை' என்ற இடத்தில்
'நன்று' என்று எழுதினேன்.